அண்ணாந்து பார்க்கிற ஆள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நேராகப் பார்த்து நடக்கத் தெரிவதில்லை. பாதிப் பேர் தலையைக் குனிந்து போனுக்குள் விழுந்து கிடக்கிறார்கள். மீதிப் பேர் எங்காவது விர்ரென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், நடுரோடு என்றும் பார்க்காமல் நின்று வாயைப் பிளந்து வானத்தைப் பார்க்கிறார்கள். எதிரே வருகிறவனைப் பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை. ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய மனிதருக்கு இதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும். அன்று காலை நகராட்சி அலுவலகத்தின் படியேறும்போதும் போனும் கையுமாக வந்த ஒருத்தர் நேராக அவர்மேல் வந்து மோதினார்.

“கண்ண முகத்துக்கு முன்னால வெச்சிருக்கிறதே முன்னால பாக்கத்தான்யா,” என்றார் அவர்.

மோதியவர் அலுவலக மேலாளர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. “மொட்டை மாடிச் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு, வாங்கிக்க. எல்லாரும் வெளிய வந்ததும் ஆரம்பிச்சிடு,” என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

கிழவருக்கு ஊரில் ஏர் ஹாரன் என்று பெயர். லாரியை விற்றபோது குரலை விற்கவில்லை. வீட்டு வாசலில் நின்று சாதாரணமாகப் பேசினால் தெருக்கோடியில் பூனை எழுந்து ஓடும். அன்றைக்கு அவர் கையில் ஒரு கனமான கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே மகளின் ட்ரோன். அவளுடைய உதவியாளுக்குக் காய்ச்சல், அதனால் தூக்க வேறு ஆள் இல்லை. இல்லையென்றால் அந்தச் சனியனை அவர் தொட்டே இருக்க மாட்டார். அதை அவர் வண்டு என்றுதான் சொல்வார். பிரேக் இல்லாத எதையும் அவர் வாகனம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

“அப்பா, பெட்டிய ஆட்டாம கொண்டு வாங்க,” என்றாள் மகள், முன்னால் போய்க்கொண்டே.

“கண்ணாடி ஏத்திக்கிட்டு மலையில எறங்கினவன் நான். உன் வண்டு ஒடஞ்சிடாது, நீ போ.”

லாரி நின்றிருந்த கொட்டகையில்தான் இப்போது அவளுடைய பயிற்சிக் கூடம் நடக்கிறது. வயலுக்கு மருந்து தெளிக்கவும், கூரையை மேலிருந்து சோதிக்கவும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தக் கூடத்துக்குத்தான் அன்று பிற்பகல் முடிவு. நகர் எல்லைக்குள் ட்ரோன் பறக்கவே கூடாது என்று ஒரு தீர்மானம் மன்றத்துக்கு வரப்போகிறது. போன மாதம் எவனுடையதோ ஒன்று பேருந்து நிலையத்தில் ஒரு கடைக் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. இன்னொன்று ஒரு வீட்டுக் குளியலறை ஜன்னலுக்கு வெளியே நின்றது. ஊர் கொதித்தது. தலைவர் தடை என்றார். ஆனால் விதி எழுதும் முன் அலுவலர்களுக்கு அதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காக மகளுக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுத்திருந்தார்கள்.

தடை வந்தால் கூடத்தைப் பூட்டிவிட்டு அவள் வேறு நகரத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். அந்தக் கம்பெனி அன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தது. கிழவர் தன் மூத்த மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே மருமகள் நல்லவள். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். மனைவி போன பிறகு அவருடைய சத்தத்தைச் சத்தமாக நினைக்காதவள் இந்தச் சின்னவள் ஒருத்திதான். இதையெல்லாம் அவர் மகளிடம் சொல்லவில்லை. “எங்க வேணா போ, எனக்கென்ன” என்றுதான் சொல்லியிருந்தார்.

கூட்ட அறையில் நீள மேஜை, தலைக்கு மேலே கடகடவென்று காற்றாடி, சுவரில் புரொஜெக்டர் படம். நகராட்சித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் மேஜைக்கடியில் போன் பார்த்தார். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் குப்பை சார் என்று கூப்பிடும் சுகாதார ஆய்வாளர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது தூங்கினார். ஏர் ஹாரன் கதவோரம் பெட்டிமேல் கையை வைத்து உட்கார்ந்தார். அதிகாரிகள் இருக்கும் அறையில் சாமானை விட்டுக் கையை எடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

“இந்த ஊருக்கு மேல இருக்கிற வானம் யாரோடது?” என்று மகள் ஆரம்பித்தாள்.

“இது என்னம்மா கேள்வி,” என்றார் தலைவர். “தரை எங்களுது, சாக்கடை எங்களுது, தெருவிளக்கு எங்களுது. அதுக்கு மேல இருக்கிறது மட்டும் யாருதாம்?”

“அது உங்களுது இல்ல சார்.”

பொறியாளர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். ஏர் ஹாரன் பெட்டியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். அதிகாரியிடம் இது உன்னுடையது இல்லை என்று சொன்ன எவனும் எந்தச் சோதனைச் சாவடியையும் பொழுதோடு தாண்டியதில்லை. இந்தப் பெண்ணுக்கு வாய் அடங்காது, அம்மா புத்தி என்று நினைத்துக்கொண்டார்.

“வானத்துக்கு விமானத் துறை இருக்கு. அவங்க சட்டம்தான் அங்க செல்லும். நீங்க மொத்தமா தடைன்னு போட்டா, எவனாவது ஒருத்தன் கோர்ட்டுக்குப் போவான், உங்க தீர்மானம் அங்க நிக்காது. ஆனா ஒண்ணு சார். ட்ரோன் வானத்துல பொறக்கிறதில்ல. ஏதோ ஒரு தரையில இருந்துதான் கெளம்பணும், தரைக்குத்தான் வந்து சேரணும். பூங்கா, பேருந்து நிலையம், பள்ளி மைதானம், இந்தக் கட்டடத்து மாடி, இந்தத் தரையெல்லாம் உங்களுது. இங்க இருந்து யார் கெளம்பலாம், எப்பக் கெளம்பலாம்னு சொல்ல உங்களுக்கு முழு அதிகாரம் இருக்கு. அத விட்டுட்டு இல்லாத அதிகாரத்துக்கு ஏன் கை நீட்டறீங்க?”

“சரிம்மா, பறக்கிறத யாரு பிடிக்கிறது?” என்றார் பொறியாளர். “நான் ஏணி போட்டு ஏறணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

“பறக்கிறத விடுங்க. பறக்கவிடற ஆளப் பிடிங்க. ட்ரோன் அவர் கண்ணுக்குத் தெரியற தூரத்துலதான் இருக்கணும்னு சட்டம். அப்ப ஆளும் பக்கத்துலதான் இருப்பாரு. நீங்க வானத்தப் பாக்காதீங்க. அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிற ஆளத் தேடுங்க. கெடச்சா மூணே கேள்வி. நம்பர் இருக்கா, ஓட்டறதுக்கு லைசென்ஸ் இருக்கா, இந்தத் தரையில இருந்து கெளம்ப யார் அனுமதி குடுத்தது.”

பின்னாலிருந்து நாற்காலி நகர்ந்தது.

“நான் ஒண்ணு கேக்கணும்,” என்றார் ஏர் ஹாரன். காற்றாடியின் கடகடப்பு அந்தக் குரலில் அமுங்கிப் போனது. குப்பை சார் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

மகள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “கேளுங்க ஐயா,” என்றாள், யாரோ மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோல.

“ஒரு பொம்பள குளிக்கிற எடத்துல போய் நின்னிச்சே, அதுக்கு உன் சட்டம் என்ன சொல்லுது? நம்பர் ஒட்டி எட்டிப் பாத்தா சரியாயிடுமா?”

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஆகாது,” என்றாள் மகள். “மரத்துல ஏறி எட்டிப் பாத்தாலும் குத்தம், ட்ரோன விட்டுப் பாத்தாலும் குத்தம். அந்தாளு லைசென்ஸ் வாங்கிக்கிட்டு வந்தவன் இல்ல. தடை போட்டா நம்பர் ஒட்டி ஓட்டற நாங்க நின்னுடுவோம், அவன் நிக்க மாட்டான். இன்னொண்ணும் சொல்றேன். அந்தம்மா புகார் குடுக்க இந்த ஆபீஸுக்குத்தான் வந்தாங்க. ஒவ்வொரு மேஜையா ஏறி எறங்கினாங்க. எல்லா மேஜையிலயும் இது எங்க செக்சன் இல்லைன்னு அனுப்பியிருக்கீங்க. வானத்தப் பூட்டறதுக்கு முன்னால ஒரு மேஜையத் தொறந்து வைங்க சார்.”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். யாருடைய கண்ணும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. குப்பை சார் மட்டும் மெல்ல, “எங்கிட்டயும் வந்தாங்க சார். நானும்தான் அனுப்பிட்டேன்,” என்றார். அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை.

“பதில் நல்லாத்தான் இருக்கு,” என்று ஏர் ஹாரன் உட்கார்ந்தார். “எட்டிப் பாத்த அந்தச் சனியன் இன்னும் வெளியிலதான் சுத்துது.”

அடுத்து செய்முறை. எல்லோரும் வெளியே மைதானத்துக்கு வந்தார்கள். மகள் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வட்டமாக அடுக்கி, நாடா கட்டி, அதற்குப் பின்னால் எல்லோரையும் நிறுத்தினாள். வேடிக்கை பார்க்க அலுவலகத்து ஊழியர்கள், வரி கட்ட வந்தவர்கள், டீக்கடைக்காரர் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒரு ஓரத்தில் தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று தலைவர் வரவழைத்திருந்தார். வண்டு எழும்பியது. மகள் அதை வட்டத்துக்கு நேர் மேலே நிறுத்தி, டீக்கடைக் கூரையில் விரிசல் எப்படித் தெரிகிறது என்று கையிலிருந்த திரையில் காட்டினாள். பொறியாளர் முதல்முறையாகப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. முன்னதைவிடக் கரகரப்பான சத்தம். கட்டடத்துக்கு மேலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி வந்து, நேராகக் கூட்டத்தின் தலைக்கு மேல் நின்றது. காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

“இது யாருது?” என்றார் தலைவர்.

“எனக்குத் தெரியாது சார்.” மகள் அதற்குள் தன்னுடையதைத் தரையில் இறக்கிவிட்டிருந்தாள்.

“பாத்தியாம்மா. உன் பாடம் நடக்கும்போதே எவனோ ஒருத்தன் வந்துட்டான். இதுக்குத்தான் தடைன்னு சொன்னேன்.” தலைவர் தீயணைப்பு வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். “தண்ணிய அடிச்சு கீழ தள்ளுங்கய்யா.”

ஏர் ஹாரன் அதற்குள் குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டார். மகளின் காலைப்பொழுதைக் கெடுக்க வந்த வண்டை அடிக்க அவருக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. கை பின்னுக்குப் போனது.

“அப்பா, கல்லக் கீழ போடுங்க,” என்றாள் மகள். குரல் உயரவில்லை. “சார், தண்ணியும் வேண்டாம். எதால அடிச்சாலும் அது இத்தனை பேர் தலையிலதான் விழும். பறக்கிறத அடிக்கிறதும் குத்தம். உள்ள என்ன சொன்னேன்? ஆளத் தேடுங்க.”

கிழவர் கல்லைக் கீழே போடவில்லை, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் அவளுடைய அப்பா என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் யாரைத் தேடுவது? மைதானம் முழுக்க அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். தலைவர், பொறியாளர், டீக்கடைக்காரர், ஜன்னல்களில் தொங்கிய குமாஸ்தாக்கள், மதில்மேல், மாடியில், மரத்தடியில், எங்கே திரும்பினாலும் தூக்கிய மோவாய்கள்தான். பாடத்தில் சொன்ன அடையாளம் ஊருக்கே பொருந்தியது. மகள் ஒவ்வொரு மோவாயாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

குப்பை சார்தான் அவளிடம் ஓடி வந்தார். “எல்லாரையும் ஒரு தடவ கீழ பாக்க வெச்சா போதும்மா. ஓட்டறவனால மட்டும் குனிய முடியாது. ஆனா என் குரல் எடுபடாது.” அவர் திரும்பிக் கிழவரைப் பார்த்தார்.

மகளும் பார்த்தாள்.

ஏர் ஹாரன் தொண்டையைச் செருமினார். பிறகு, மலைப் பாதையில் வளைவுக்கு முன்னால் விடும் குரலை விட்டார்.

“அத்தன பேரும் தலையக் குனிங்கடா.”

புறாக்கள் கட்டடத்தை விட்டுப் பறந்தன. தலைவர் முதற்கொண்டு மைதானம் மொத்தமும் தரையைப் பார்த்தது. மதில் குனிந்தது, ஜன்னல்கள் குனிந்தன. நகராட்சி அலுவலகத்து மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரோரம், கழுத்தில் வார் மாட்டி ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒருத்தன் மட்டும் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதோ,” என்றார் குப்பை சார். சொன்ன வேகத்தில் மாடிப்படிக்கு ஓடினார். தொப்பையோடு அந்த மனிதர் அப்படி ஓடுவார் என்று அலுவலகத்தில் யாரும் நினைத்ததில்லை.

மாடியில் நின்றவன் அந்தக் குரலில் வெலவெலத்துப் போயிருந்தான். வெள்ளை ட்ரோன் கூட்டத்துக்கு மேல் குடிகாரனைப்போல ஆடியது.

“பேட்டரி தீரப்போகுது,” என்றாள் மகள். “நான் சொல்றத அப்படியே அவனுக்குச் சொல்லுங்கப்பா. பொறியாளர் சார், ஜனங்கள மரத்துப் பக்கம் ஒதுக்குங்க.”

பொறியாளர் கையை விரித்துக்கொண்டு கூட்டத்தைத் தள்ளினார். தலைவரையும் தோளைப் பிடித்தே தள்ளினார், தலைவரும் போனார். ஏர் ஹாரன் மகள் காதோரம் சொன்னதை மாடிக்கு அனுப்பினார். “ஜனத்துக்கு மேல வராத. வலப்பக்கம் ஒதுங்கு. இன்னும். இன்னும் ஒதுங்கு.” சொல்லச் சொல்ல அவருக்குள்ளிருந்த பழைய ஆள் விழித்துக்கொண்டார். குறுகலான சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது க்ளீனர் தட்டுகிற மாதிரி, பக்கத்திலிருந்த பெட்டியில் தட்ட ஆரம்பித்தார். “வா, வா, வா. அப்படியே எறக்கு. நேரா எறக்கு. வரட்டும், வரட்டும். நிறுத்து.”

ஆரஞ்சுக் கூம்புகளின் நட்ட நடுவில் வெள்ளை ட்ரோன் உட்கார்ந்தது. இறக்கைகள் சுற்றி அடங்கின. அடுத்த கணம் மைதானம் கைதட்டியது. தீயணைப்பு வீரர்கள் ஹோஸைப் போட்டுவிட்டுத் தட்டினார்கள். டீக்கடைக்காரர் விசிலே அடித்தார்.

குப்பை சார் மூச்சிரைக்க ஆளோடு இறங்கி வந்தார். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற போட்டோக்காரன். குப்பை சார் அவனைத் தலைவர் முன்னால் நிறுத்தி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாடத்தில் கேட்டதை ஒன்று விடாமல் கேட்டார்.

“நம்பர் இருக்கா?”

“இல்ல சார்.”

“ஓட்டறதுக்கு லைசென்ஸ்?”

“இல்ல சார்.”

“இந்தத் தரையில இருந்து கெளம்ப யார் அனுமதி குடுத்தது?”

போட்டோக்காரன் கூட்டத்தில் தேடினான். கூட்டத்தின் கடைசியில் மேலாளர் தன் போனை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவருதான் சார் வரச் சொன்னாரு. மாடிச் சாவியும் குடுத்தாரு.”

மேலாளருக்கு வியர்த்தது. “நீங்கதான் சார்… ட்ரோன் தடைத் தீர்மானத்த ஊரே பாக்கிற மாதிரி வீடியோ எடுக்கணும்னீங்க. மேல இருந்து எடுத்தா எடுப்பா இருக்கும்னு நான்தான்…”

யாரோ ஒருத்தர் அடக்க முடியாமல் களுக்கென்றார். பிறகு மைதானமே சிரித்தது. தலைவர் முகத்தை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார்.

“அப்ப நம்ம தடைய மீறின மொத ஆளு நாமதானா?”

“ஆமா சார்,” என்றாள் மகள். “ஆனா பிடிச்சதும் நீங்கதான். வானத்தத் தொடாமலே பிடிச்சீங்க.”

பிற்பகல் மன்றம் கூடியது. ஏர் ஹாரன் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் ஒருவருக்கொருவர் என்ன தள்ளிக்கொள்கிறார்களோ. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களை அவர் நம்பியதில்லை. சட்டைப் பையில் கல் கனத்தது. மூத்த மகன் வீட்டு ஜன்னல்கள் நினைவுக்கு வந்தன. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

உள்ளே தலைவரின் குரல் கேட்டது. முழுத் தடை கிடையாது. நகராட்சித் தரையில் எங்கிருந்து கிளம்பலாம், எங்கிருந்து கூடாது என்று இடம் குறிக்கப்படும். ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவன்மேல் புகார் வாங்க ஒரு மேஜை, அதற்குப் பொறுப்பு சுகாதார ஆய்வாளர். எல்லாப் பிரிவு ஊழியர்களுக்கும் இந்த அம்மாவே பாடம் எடுப்பார். பக்கத்து ஊர்களுக்கும் பரிந்துரை போகும். “கை தூக்குங்க,” என்றார் தலைவர். பிறகு, “எதிர்ப்பு ஒருத்தரும் இல்ல,” என்ற குரலும், அதைத் தொடர்ந்து மேஜையைத் தட்டும் சத்தமும் கதவை அதிர வைத்தன.

மகள் வெளியே வந்தாள். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன்பா. வரலைன்னுட்டேன்.”

“எனக்கென்ன,” என்றார் அவர். பிறகு தூணைப் பார்த்துக்கொண்டு, “சாயங்காலம் கொட்டகைக் கதவுக்கு எண்ணெய் போடணும். கிறீச்சுன்னு காது கிழியுது,” என்றார்.

மகளுக்கு அது போதுமாக இருந்தது. சிரிப்பை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அதிகாரிகள் எல்லோரும் படியில் வந்து நின்றார்கள். மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டுமாம், இந்த முறை முறைப்படி அனுமதியோடு. குப்பை சார் தானே கூம்பு அடுக்கிக்கொண்டிருந்தார். கூம்பு ஒன்று கோணலாக இருந்ததென்று பொறியாளரை அதட்டினார்.

“ஐயா, நீங்க நடுவுல வாங்க,” என்று தலைவர் கூப்பிட்டார். “இன்னிக்கு நீங்க இல்லன்னா இல்ல.”

“நான் எதுக்கு. கத்தச் சொன்னாங்க, கத்தினேன்.”

“இப்பவாவது நம்பறீங்களா?” என்று குப்பை சார் சீண்டினார். “உங்க பொண்ணு சொன்னது பலிச்சிடுச்சுல்ல?”

“அவள நம்பறேன். உங்கள நம்பல. அந்த வண்ட நம்பவே இல்ல. ஊர்ல எத்தன ஜன்னல், உங்களுக்கு எத்தன மேஜை? போங்கய்யா.”

“அப்பா, ஒரே ஒரு படம்,” என்றாள் மகள்.

“மூஞ்சிய எடுக்கணும்னா எதிர நின்னு எடு. உச்சி மண்டைய எடுத்து என்ன பண்ணப்போற?”

சொல்லிவிட்டுப் படியிறங்கி நடந்தார். பின்னால் விர்ரென்று சத்தம் எழும்பியது. தெருவில் போனவர்கள் எல்லோரும் நின்று தலையைத் தூக்கினார்கள். அவர் தூக்கவில்லை. நேர் எதிரே பார்த்தபடி, அண்ணாந்து நின்றவர்களைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு, “வழிய விடுங்கய்யா, வானத்துல என்ன கொட்டியா கெடக்கு” என்று சொல்லிக்கொண்டே போனார். சட்டைப் பையிலிருந்த கல்லை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். அதை அவர் எறியவும் இல்லை, போடவும் இல்லை.